சாம்பலி நின்ற அரை மணி

அத்தியாயம் ஒன்பது

பொட்டு கூண்டிலேயே இருந்தது!

கம்புக் கிண்ணத்தோடு மாடிப்படி ஏறி வந்த வஹீதுன்னிசா அப்படியே நின்றுவிட்டாள். நெற்றியில் வெள்ளைப் புள்ளி வைத்த அந்த இளம்புறா இந்நேரம் ஈரோட்டு ஸ்டேஷனில் இருக்க வேண்டும். நேற்று மாலை அவள்தான் தன் கையால் அதைப் பிடித்து மூங்கில் கூடைக்குள் விட்டு, மூடியைச் சணலால் கட்டி, கூண்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் தொழுவதற்காகக் கீழே இறங்கினாள். அவள் தொழுது எழுவதற்குள் மாமனார் பஷீர் அகமது தாமே மாடிக்கு வந்து கூடையை எடுத்துக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டார்.

அப்படியானால் கூடையில் போனது யார்?

கூண்டுக்குள் தலையை நுழைத்துப் பார்த்தாள். மூலையில் ஆண்புறா கறுப்பன் இரண்டு குஞ்சுகளையும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பிறந்து பத்தே நாளான குஞ்சுகள். அலகைப் பிளந்து கீச்சிட்டன. அவற்றின் தாய் சாம்பலியைக் காணோம்.

"யா அல்லாஹ்!" என்றாள் வஹீதா. கிண்ணம் கையில் சாய்ந்து கம்பு தரையெல்லாம் சிதறியது.

போன வாரம் இந்த வீட்டில் நடந்த பேச்சை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இருந்தாலும், இடையில் ஊருக்குப் போய்விட்டு வந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை.

சூரமங்கலத்தில், ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் இந்த வீட்டின் தலைவர் பஷீர் அகமது, ரயில்வே கார்டு. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். அவருடைய பச்சைக் கொடி ஒரு தடவைகூட அரை நிமிஷம் பிந்தி உயர்ந்ததில்லை. வீட்டில் உலை வைப்பதும் விளக்கேற்றுவதும்கூட அவருடைய பைக் கடிகாரத்தைப் பார்த்துத்தான். அப்படிப்பட்டவர் வெளுத்துக் கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டோடு டியூட்டிக்குக் கிளம்பியபோது, மருமகள் வளர்க்கும் புறா ஒன்று மேலேயிருந்து அவர் தோளில் ஒரு முத்திரை குத்திவிட்டது. அவர் வேறு கோட்டு மாற்றிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள கூண்டு இந்த ஊட்டுல இருக்கக் கூடாது" என்றார். "தின்னுட்டுத் தின்னுட்டு சும்மா சுத்துற ஜாதி. எதுக்கு ஆகும்?"

கல்யாணமாகி ஒரு வருஷமும் இரண்டு மாதமும் மாமாவின் முகத்தைப் பார்த்துப் பேசாத வஹீதா அன்றைக்குப் பேசினாள்.

"உங்க மெயிலைவிட எங்க புறா வேகமா வருமுங்க, மாமா."

அவ்வளவுதான். பந்தயம் முடிவாகிவிட்டது. காலை மெயில் ஈரோட்டில் புறப்படும்போது, கார்டு பச்சைக் கொடி வீசும் அதே நிமிஷத்தில் புறாவைத் திறந்துவிட வேண்டும். புறா முந்தினால் கூண்டு இருக்கும். மெயில் முந்தினால் கூண்டு போகும்.

அந்தப் பந்தயம் இன்றைக்கு.

வஹீதா திடுதிடுவென்று கீழே இறங்கி வந்தாள். கூடத்தில் அவள் கணவன் அப்துல் சலாம் துண்டால் தலை துவட்டிக்கொண்டிருந்தான். செவ்வாய்ப்பேட்டை ஜவுளிக்கடையில் அவனுக்கு வேலை. இன்றைக்கு வயிற்று வலி என்று சொல்லியனுப்பிவிட்டுப் பந்தயம் பார்க்க வீட்டிலேயே இருந்துவிட்டான்.

"ஏனுங்க, பொட்டு இங்கயே இருக்குதுங்க! மாமா சாம்பலியக் கொண்டுட்டுப் போயிட்டாங்க!"

"அதுக்கென்ன? அதுவும் புறாதானே?"

"உங்களுக்கு எத்தன தடவ சொல்லியிருக்கறேன்? சாம்பலி பொறந்தது திருச்செங்கோட்டுல, எங்க அத்தா ஊட்டுல. பொட்டு பொறந்தது இங்க. புறா பொறந்த எடத்துக்குத்தான் பறக்கும்."

சலாமின் கையில் துண்டு நின்றது. மூன்று மாதமாக அவன்தான் பொட்டைக் கூடையில் வைத்து, மேட்டூர் அணை திறந்த வருஷம் வாங்கிய சைக்கிளில் முதலில் மகுடஞ்சாவடி, அப்புறம் சங்ககிரி என்று தூரம் தூரமாகக் கொண்டுபோய் விட்டுப் பழக்கினவன். அந்தக் கணக்கெல்லாம் இப்போது வீண்.

"ஈரோட்டுலேர்ந்து இங்க வார வழியிலதானே திருச்செங்கோடு?"

"மலை தெரிஞ்சா போதுமுங்க. எறங்கிரும்."

சலாம் குரலைத் தாழ்த்தினான். "வஹீதா... எங்கத்தா வேணும்னே மாத்திட்டாரோ?"

அந்த எண்ணம் அவளுக்கும் படி இறங்கும்போதே வந்துவிட்டது. அவள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"என்னடா சொன்ன?" சமையற்கட்டிலிருந்து கரண்டியோடு வந்தாள் மாமியார் மஸ்தான் பீவி. "யாரைப் பத்திடா சொன்ன? கூட வேல பாக்குறவனுக்காகக்கூட ஒரு பொய்க் கையெழுத்துப் போடாதவருடா உங்கத்தா. ஒரு புறாவுக்காகப் பித்தலாட்டம் பண்ணுவாரா?"

"நான் ஒண்ணும் சொல்லல, அம்மா. ஈரோட்டுக்குத் தந்தி அடிச்சுக் கேக்கலாமான்னு..."

"அடி! 'கார்டு வைத்திருக்கும் புறா என்ன நிறம்'னு அடி. நாளைக்கு ரயில்வே முழுக்கச் சிரிக்கும்."

மருமகளிடம் திரும்பியபோது பீவியின் குரல் கொஞ்சம் இறங்கியது.

"அந்தக் குஞ்சுங்க ரெண்டும் என்ன பண்ணுது, புள்ள?"

"கத்துதுங்க, மாமி."

"கம்ப ஊற வெச்சு நசுக்கித் தாரேன். கொண்டுபோய்க் குடு." புறாக்களைக் கண்டாலே ஆகாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மஸ்தான் பீவிக்கு, குஞ்சுக்கு எப்படித் தீனி கொடுப்பது என்பது நன்றாகத் தெரிந்திருந்தது. வஹீதா அதைக் கவனித்தாள். இன்றைக்கு அதற்காகச் சந்தோஷப்பட நேரமில்லை.

கூண்டு போனால் என்ன போகும் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். சாம்பலியும் கறுப்பனும் அவளைப் பெற்ற அத்தா காசிம் ராவுத்தர் கடைசியாகக் கொடுத்த சீர். நிக்காஹ் பத்து மணி என்று பத்திரிகையில் அச்சடித்திருந்தார்கள். அத்தாவின் அண்ணன் பரமத்தியிலிருந்து வந்த வண்டிக்கு வழியில் அச்சு முறிந்துவிட்டது. "ஒரு அரை மணி பொறுங்க, சம்பந்தி" என்று அத்தா கேட்டார். மாமா கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். "பத்துன்னா பத்துதான்" என்றார். பெரியத்தா வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து சர்க்கரை வழங்கிக்கொண்டிருந்தார்கள். அன்று மாலை புறாக்கூண்டை மகள் கையில் கொடுத்துவிட்டு அத்தா சொன்னார்: "என் அண்ணனுக்காக அரை மணி பொறுக்காதவர் ஊட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன், கண்ணு."

மிதிக்கவும் இல்லை. அந்த வீட்டிலிருந்து இந்த வீட்டுக்கு வந்த இரண்டே உயிர்கள் அந்தப் புறாக்கள்தாம். பந்தயத்தைப் பற்றிப் பெருமையாக அத்தாவுக்குக் கடிதாசியும் எழுதிப் போட்டிருந்தாள். இப்போது அதை நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வஹீதா அறைக்குள் போனாள். திரும்பி வந்தபோது பெருநாளுக்கு எடுத்த நீலச் சேலையைக் கட்டியிருந்தாள்.

"இது எதுக்கு?" என்றான் சலாம்.

"தோக்கறதுன்னாலும் நல்லா உடுத்திக்கிட்டுத் தோக்கறேன்" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினாள்.

எட்டரை மணிக்கெல்லாம் மொட்டை மாடியில் ஒரு சின்னக் கூட்டம். பக்கத்து வீட்டுச் சென்னியம்மாள் கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டாள். அவள் புருஷன் இதே ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன். அதனால் இந்தப் பந்தயம் ஸ்டேஷன் முழுவதுக்கும் தெரிந்துபோயிருந்தது.

"ஏனுங்க பீவியம்மா, புறா வாருதுங்களா?"

"வரும், வரும். நீ உன் அடுப்பப் பாரு."

"அடுப்ப அணைச்சுப்போட்டுத்தான் வந்தனுங்க. பொறந்த ஊட்டுப் புறாவப் போட்டு அனுப்பிட்டாங்கன்னு சொல்றாங்களே, அது எங்கீங்க இங்க வரும்? நான் கட்டிக்கிட்டு வந்து இருவது வருசமாச்சு. இன்னைக்கும் தூக்கத்துல எந்திரிச்சா ராசிபுரத்துப் பக்கந்தான் காலு போகுது!"

மஸ்தான் பீவிக்கே சிரிப்பு வந்துவிட்டது. வஹீதா சிரிக்கவில்லை. மேற்கே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வருது! வருது!" என்று கத்தினான் சலாம்.

காக்கை.

"அதோ, அது!"

அதுவும் காக்கை. மூன்றாவது தடவை அவன் கை நீட்டியபோது சென்னியம்மாள், "தம்பி, அது பருந்துங்க. அதுக்குப் பந்தயம் வெச்சீங்கன்னா நம்ம புறாவத் தின்னுப்போட்டு வரும்" என்றாள்.

எட்டு ஐம்பது. பொட்டு பறந்திருந்தால் இந்நேரம் வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும். எட்டு ஐம்பத்தைந்து. கறுப்பன் கூண்டு வாசலுக்கு வந்து கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

ஸ்டேஷனுக்கு மேற்கே கைகாட்டி இறங்கியது.

சங்ககிரித் திசையில் புகை முதலில் தெரிந்தது. பிறகு ஊதல். பிறகு தரை அதிர்வது மாடி வரைக்கும் கேட்டது. சரியாக ஒன்பது மணிக்கு, ஒரு நிமிஷம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை, பஷீர் அகமதுவின் மெயில் சூரமங்கலத்தில் வந்து நின்றது.

சலாம் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் மெல்லச் சொன்னான்: "செவ்வாய்ப்பேட்டையில என் சிநேகிதன் ஊட்டுல வெச்சுக்கலாம். நீ வாரத்துக்கு ஒரு தடவ வந்து..."

"வேண்டாமுங்க. வாக்குக் குடுத்தது நான். கூண்ட நானே பிரிச்சுத் தாரேன்."

மெயிலுக்கு இங்கே கார்டு மாறுவார். கொடியையும் விளக்கையும் எடுத்துக்கொண்டு, அடுத்தவரிடம் வண்டியை ஒப்படைத்துவிட்டு, பஷீர் அகமது ஒன்பதே காலுக்கு வீட்டுக்கு வந்தார். நேரே மாடிக்கு ஏறினார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. காலிக் கூடை கையில் ஆடியது.

"எத்தன மணிக்கு வந்துச்சு?" என்று கேட்டார். குரலில் ஆவல் இருந்தது.

சலாம் மேற்கே வானத்தைப் பார்த்தான்.

"வரலியா? நான் ஏழு நாப்பத்தஞ்சுக்குக் கொடி வீசினேன், அந்தக் கையாலயே கூடையத் தெறந்தேன். என்னமா எந்திரிச்சுது! பிளாட்பாரத்துல இருந்த அத்தன பேரும் அண்ணாந்து பாத்தாங்க. ரெண்டு வட்டம் அடிச்சுது, கெழக்கே ஒரே போக்கு. எனக்கே... சரி, அது கெடக்கட்டும். இன்னும் வரலியா?"

வஹீதா முந்தானையை இழுத்துத் தலையில் விட்டுக்கொண்டு முன்னே வந்தாள்.

"மாமா, கூடையில நான் பொட்ட வெச்சிருந்தேனுங்க. அதை எதுக்கு மாத்தினீங்க?"

சலாம் ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

"எதுக்கா? அது நோஞ்சானாட்ட இருந்துச்சும்மா! மூடியத் தெறந்து பாத்தேன், ஒரு பிடி இல்ல. மெயிலுக்குப் பெரிய என்ஜினத்தானே போடுவாங்க? ஷண்டிங்குக்கு நிக்கறத யாராவது மெயிலுக்குப் பூட்டுவானா? நீ அறியாப் புள்ள, தெரியாம வெச்சுட்டேன்னு கூண்டுல இருந்ததுலயே பெருசாப் பாத்து எடுத்துப் போட்டேன்." அவர் கொஞ்சம் நிமிர்ந்தார். "நோஞ்சானத் தோக்கடிச்சு எனக்கென்ன பெருமை? என் மெயில் முந்தறதுன்னா சரியான ஆளத்தான் முந்தணும்."

மஸ்தான் பீவி மகனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு கரண்டி இருந்தது. சலாம் தலையைக் குனிந்துகொண்டான்.

வஹீதாவும் குனிந்துகொண்டாள். அவள்கூட மனசுக்குள் அவரைக் குற்றவாளியாக்கித்தானே வைத்திருந்தாள்! மெதுவாகச் சொன்னாள்: "அது எங்க அத்தா ஊட்டுல பொறந்ததுங்க, மாமா. அங்கதான் போயிருக்கும். குஞ்சுங்க இங்க இருக்குதுங்க."

பஷீர் அகமது கூண்டுக்குள் குனிந்து பார்த்தார். இரண்டு அலகுகள் அவரைப் பார்த்துத் திறந்தன. நெடுநேரம் அவர் நிமிரவில்லை.

"குஞ்சுக்காரியையா கொண்டுட்டுப் போனேன்?" என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் தாம் செய்த ஒரு தவறை அவர் வாய்விட்டுச் சொன்னதை மஸ்தான் பீவி கேட்டது அதுதான் முதல் தடவை. "தப்பு என்னுது. பந்தயம் ரத்து. நானே திருச்செங்கோட்டுக்கு..."

சொல்ல வந்ததை அவர் முடிக்கவில்லை. திருச்செங்கோட்டில் எந்த வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும் என்பது நடுவிலேயே நினைவு வந்துவிட்டது.

"அம்மாயோ!" சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சென்னியம்மாள் அலறினாள். "இது காக்காயும் இல்லீங்க, பருந்தும் இல்லீங்க!"

மேற்கே, ஸ்டேஷன் கூரைக்கு மேலே ஒரு சாம்பல் புள்ளி. அது வட்டம் அடிக்கவில்லை, தயங்கவில்லை. தாழ்ந்து, இன்னும் தாழ்ந்து, சலாமின் தலைக்கு மேல் விர்ரென்று காற்றுக் கிளப்பிக்கொண்டு வந்து கூண்டு வாசலில் இறங்கியது. யாரையும் திரும்பிப் பாராமல் உள்ளே நுழைந்து, குஞ்சின் அலகைத் தன் அலகுக்குள் வாங்கி ஊட்டத் தொடங்கியது.

சாம்பலி!

பஷீர் அகமதுவின் கை தானாகவே பைக்குள் போய்க் கடிகாரத்தை எடுத்தது.

"ஒன்பது இருபது" என்றார்.

வஹீதா கூண்டின் முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தாள். "பாத்தீங்களா மாமி? பாத்தீங்களா? எங்க சாம்பலி பொறந்த ஊட்டத் தாண்டிட்டு வந்துருச்சு!"

"எங்க சாம்பலியா? நம்ம சாம்பலின்னு சொல்லு, புள்ள" என்றாள் மஸ்தான் பீவி.

"அதென்ன காலுல?" என்றார் மாமா.

சாம்பலியின் சிவந்த காலில் ஒரு மெல்லிய காகிதச் சுருள் கட்டியிருந்தது. கட்டியிருந்த நூல் நீலம். அத்தா எப்போதும் புறாக்களுக்குக் கட்டும் நீல நூல்! வஹீதா அதை அவிழ்த்துப் பிரித்தாள். முதல் வரியைப் பார்த்ததும் அதை மாமாவிடம் நீட்டிவிட்டாள்.

"உங்களுக்குங்க."

பஷீர் அகமது கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வழக்கம்போல் உரக்கவே படித்தார்.

'சம்பந்தி கார்டு அவர்களுக்கு காசிம் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் வண்டி இங்கே வந்த நேரம் 8.10. புறப்படும் நேரம் 8.40. பந்தய விவரம் மகள் கடிதத்தில் எழுதியிருந்தாள். பார்த்த ஆசையில் பிடித்து வைத்துக்கொண்டேன். தொண்டைப் பையில் குஞ்சுக்கு ஊட்டும் பால் இருந்தது, குஞ்சுள்ள தாய் என்று அப்புறந்தான் தெரிந்தது. அதன் வீடு இப்போது அங்கேதான். அரை மணி தாமதத்துக்கு நானே பொறுப்பு. வெள்ளிக்கிழமை காலை பாசஞ்சரில் மகளைப் பார்க்க வருகிறேன்.'

அரை மணி என்ற வார்த்தையை மாமா எப்படி எடுத்துக்கொள்வார்? வஹீதா அவர் முகத்தையே பார்த்தாள். அவரோ காகிதத்தைத் திருப்பிப் போட்டு, காதிலிருந்த பென்சிலை எடுத்து, ஏதோ எழுதிக் கழித்துக்கொண்டிருந்தார்.

"ஈரோடு புறப்பாடு ஏழு நாப்பத்தஞ்சு. இங்க வந்தது ஒன்பது இருபது. ஒரு மணி முப்பத்தஞ்சு நிமிஷம். வழியில நிறுத்தினது முப்பது. மிச்சம் ஒரு மணி அஞ்சு." அவர் நிமிர்ந்து பார்த்தார். "மெயிலுக்கு ஒரு மணி பதினஞ்சு. பத்து நிமிஷம் முந்திட்டாம்மா உன் சாம்பலி!"

"ஆனா அத்தா, வண்டிதானே முன்னால வந்துச்சு?" என்றான் சலாம், வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியாமல்.

"நடுவழியில எவனோ நிறுத்தி வெச்சா, அது டிரைவர் கணக்குல சேருமாடா? நிறுத்தினவர் நேரம் போட்டு, தான்தான் பொறுப்புன்னு எழுதிக் குடுத்திருக்கார். ரெண்டு நேரமும் தப்பில்லாமப் போட்டிருக்கார். இதுக்கு மேல என்ன அத்தாட்சி?"

"மெயிலும் சங்ககிரியில நின்னுதானே..."

"அது டைம்டேபிள்ல உள்ள நிறுத்தம்!" அந்தப் பேச்சு அத்துடன் முடிந்தது. அவர் கைப்பிடிச் சுவருக்குப் போய், "சென்னியம்மா, உன் ஊட்டுக்காரருகிட்டச் சொல்லு. ஸ்டேஷன் பூராச் சொல்லச் சொல்லு. என் மருமக புறா, கார்டு பஷீர் அகமது மெயிலப் பத்து நிமிஷத்துல முந்திருச்சுன்னு!" என்றார். தோற்றவர் இவ்வளவு பெருமையாகப் பேசி அந்தத் தெரு அதற்கு முன்னால் கேட்டதில்லை.

எல்லோரும் இறங்கிப் போனார்கள். காபி வாசனை மேலே வந்தது. பஷீர் அகமது மட்டும் கூண்டுக்குப் பக்கத்திலேயே நின்று, கொடிகளை ஒவ்வொன்றாகக் கம்பில் சுருட்டினார். சிவப்பை முடித்து, பச்சையைக் கையில் எடுத்தவர் மருமகளைக் கூப்பிட்டார்.

"வஹீதா."

"என்னங்க, மாமா?"

"வெள்ளிக்கிழமை காலை பாசஞ்சருக்கு கார்டு யாருன்னு உங்கத்தாவுக்குத் தெரியுமா?"

அவள் புரிந்துகொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்குத்தான் போட்டிருக்குது. திருச்செங்கோட்டுலேர்ந்து ஜட்கா புடிச்சு அவர் சங்ககிரி ஸ்டேஷனுக்கு வரணும். அங்க நம்ம வண்டி நிக்கறது ரெண்டே நிமிஷம்." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உங்கத்தா... நேரத்துக்கு ஸ்டேஷனுக்கு வாரவரா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள் வஹீதா. இந்த மனிதரிடம் இன்றைக்கு அது முடியாது என்று தோன்றியது.

"ஒரு நாளும் வந்ததில்லீங்க, மாமா" என்றாள். "எப்பவும் அரை மணி பிந்தித்தானுங்க."

பச்சைக் கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது.